ஞாயிறன்று அழுத்திய விரல்

அத்தியாயம் ஆறு

நவ்சாத்தின் துப்பறியும் வாழ்க்கையில் முதன்முறையாக, குற்றவாளி யார் என்பதை வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். சொன்ன பெயர் அவன் தங்கையின் பெயர். மற்ற நாளாக இருந்தால் இந்த மாதிரி இடத்தில் அவன் வாயில் ஏதாவது ஒரு கிண்டல் தயாராக இருக்கும்.

ஜோகூரில், பெர்மாஸ் ஜெயாவில் ஒரு கடைவரிசையின் மூன்றாம் மாடி. வெள்ளிக்கிழமை மத்தியானம். நவ்சாத் ஜும்ஆ தொழுதுவிட்டு நேராக வந்திருந்தான். நிறுவன முதலாளி கமலநாதனின் கணினித் திரையில் போலீஸ் புகார் பாதி எழுதிக் கிடந்தது. இரண்டாவது வரியிலேயே அவன் தங்கை ருமானாவின் பெயர் வந்துவிட்டது.

"அஞ்சு மணிக்கு நான் ஸ்டேஷனுக்குப் போறேன்," என்றார் கமலநாதன். "அதுக்குள்ள டேட்டா திரும்பி வந்தா புகார் கிடையாது. வராட்டி, பிரேமளா, நீங்க எனக்குத் தெரிஞ்சவங்கங்கிறதுக்காக நான் சும்மா இருக்க முடியாது."

பிரேமளா ஒரு கொட்டாவி விட்டாள். காப்புறுதி நிறுவனத்தில் பல வருடம் பொய்க்காரர்களைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, பிறகு சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவள். அவளிடம் துப்பாக்கி கிடையாது, அந்தக் கொட்டாவிதான் உண்டு. எதிரே இருப்பவர் இந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, கேட்காததையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். அவளுக்குக் கார் ஓட்டுவதும், தேத்தண்ணி வாங்கி வருவதும், வாயாடுவதும் நவ்சாத்தின் வேலை.

"எனக்குக் கம்ப்யூட்டர் வராது," என்றாள். "சின்னப்பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க."

கமலநாதன் சொன்னார். உலு திராமில் ஒரு பயிற்சி மையம் இருக்கிறது. பக்கவாதத்தில் கை விழுந்துபோனவர்கள் அங்கே வருகிறார்கள். அவர்கள் கையில் ஒரு கையுறையை மாட்டிவிட்டால், விரல் எவ்வளவு மடங்குகிறது, எங்கே நடுங்குகிறது என்று அளந்து அனுப்பும். அளவுகள் எல்லாம் கிளவுடில் கமலநாதன் கட்டிக்கொடுத்த கிடங்கில் சேரும். நேற்று எவ்வளவு முடிந்ததோ அதை வைத்து, இன்றைக்கு எவ்வளவு இழுக்கலாம் என்று கிடங்கு கையுறைக்குத் திருப்பிச் சொல்லும். போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிடங்கு அழிந்துபோனது. கையுறை சில நாள் கணக்கைத் தன்னிடமே வைத்துக்கொண்டு சமாளித்ததால், புதன் சாயங்காலம்வரை விஷயம் யாருக்கும் தெரியவில்லை.

"அழிச்சது யாரு?"

"மெஷின்தான் அழிச்சது. அமுக்கினது ருமானா."

மூலையில் இருந்த ரூபேந்திரன் நாற்காலியைத் திருப்பினான். ருமானாவோடு சேர்ந்து வேலை பார்த்த பையன், இப்போது அவள் வேலையையும் சேர்த்துச் சுமக்கிறவன்.

"நாங்க எதையும் கையால கட்டுறது இல்ல மேடம். என்னென்ன இருக்கணும்னு ஒரு ஃபைல்ல எழுதி வைப்போம். எப்படிச் செய்யணும்னு எழுத மாட்டோம். எந்தக் கிடங்கு இருக்கணும், யாரு உள்ள வரலாம், அவ்வளவுதான். காலையில ஒன்பது மணிக்கு மெஷின் வந்து படிக்கும். எழுதினது அங்க இல்லாட்டி உண்டாக்கும். எழுத்துல இருந்து எடுத்துட்டா அங்கயும் தூக்கிடும்."

"எங்க உம்மா வீட்டு ஃபிரிட்ஜை அப்படித்தான் லா பார்த்துக்கிறாங்க," என்றான் நவ்சாத். "அவங்க மனசுல இல்லாத டப்பா உள்ள தங்காது."

யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கே சிரிப்பு வரவில்லை, பழக்கதோஷத்தில் வந்துவிட்டது.

போன வெள்ளிக்கிழமை நடந்ததைக் கமலநாதன் தொடர்ந்தார். பழைய கிடங்கிலிருந்து புதியதற்கு மாற வேண்டும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பழைய அளவுகள் புதியதற்கு நகலாகிக்கொண்டிருக்கும், முழுசாக வந்தால்தான் பயன்படும். திங்கள் காலை எல்லாம் வந்துசேர்ந்ததா என்று பார்த்துவிட்டு, பிறகு பழையதை எடுப்பதாக ஏற்பாடு. அதற்காக ருமானா வெள்ளி சாயங்காலமே பழைய கிடங்கின் வரிகளை ஃபைலிலிருந்து எடுத்து வைத்தாள். கமலநாதன் படித்துப் பார்த்து, சரி என்று ஒப்புதலும் கொடுத்தார்.

"எப்படியும் திங்கக்கெழம ஒன்பது மணிக்குத்தான் மெஷின் தொடும். லீவு நாள்ல அது ஓடாது, பட்டனை அமுக்கினாலும் ஓடாது. அந்தப் பூட்டை நானே போட்டேன். ஆனா அந்த மெஷினைப் பழக்கினது ருமானா. பூட்டைச் சுத்தி வர்ற வழி யாருக்காச்சும் தெரியும்னா அவளுக்குத்தான் தெரியும். ஞாயித்துக்கெழம ஆபீஸுக்கு வந்த ஒரே ஆளும் அவதான்."

அவர் கேமராப் படத்தைத் திருப்பிக் காட்டினார். ருமானா வரும்போது வெறுங்கையோடு வருகிறாள். போகும்போது ஒரு நீலப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, திரும்பிப் பார்த்தபடி போகிறாள்.

"உள்ள ஹார்ட் டிஸ்க். டேட்டாவை இறக்கிக்கிட்டு இங்க அழிச்சிருக்கா. சிங்கப்பூர் கம்பெனி ஒண்ணு அவளைக் கூப்பிடுதுன்னு எனக்குத் தெரியும். பையில என்னன்னு கேட்டேன். வாயைத் திறக்கல."

நவ்சாத் படத்தை உற்றுப் பார்த்தான். அந்தப் பையை வாங்கிக் கொடுத்ததே அவன்தான்.

"அதுல பால் சார்."

"என்ன பால்?"

"மனுசப் பால். பிள்ளைக்கு அஞ்சு மாசம் ஆகுது. ஆபீஸ்ல எடுத்து உங்க ஃபிரிட்ஜ்லதான் வைக்கிறா. வெள்ளிக்கெழம மறந்துட்டுப் போயிருக்கா, ஞாயித்துக்கெழம வந்து எடுத்துட்டுப் போறா. அதைப் போய் உங்ககிட்ட எப்படிச் சொல்லுவா?"

கமலநாதனின் காது சிவந்தது. ரூபேந்திரன் தன் கையிலிருந்த காப்பிக் கோப்பையைச் சந்தேகமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தான்.

"சரி, பால் எடுக்க வந்தவ பட்டனையும் அமுக்கலாம்தானே," என்றார் கமலநாதன், விட்டுக்கொடுக்காமல்.

"அமுக்கலாம்," என்றாள் பிரேமளா. "எத்தனை மணிக்கு அழிஞ்சது?"

"ஒன்பது."

"ஒன்பதுன்னா, ஒன்பதுக்குக் கிட்டத்தட்டவா?"

"இல்ல மேடம்," என்றான் ரூபேந்திரன். "சரியா ஒன்பது. நொடிகூட மாறல."

"திருட்டுத்தனம் பண்ண வர்றவ, கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு முள்ளு வந்து நிக்கிற வரைக்கும் காத்திருப்பாளா? அது ஸ்கூல் மணி அடிக்கிறவன் வேலை மாதிரில்ல இருக்கு."

கமலநாதன் பதில் சொல்வதற்குள் மேசைமேல் இருந்த தொலைபேசி அடித்தது. உலு திராம் மையத்திலிருந்து கஸ்தூரி என்ற பயிற்சியாளர். கமலநாதன் ஒலிபெருக்கியில் போட்டார்.

"சார், காளியப்பன் ஐயா வந்து உட்கார்ந்திருக்காரு. பாலோ ஊர்ல இருந்து அவ்வளவு தூரம் மகன் கார்ல கூட்டிக்கிட்டு வந்திருக்காரு. கையுறை அவரைப் புது ஆளுன்னு சொல்லுது சார். ஒரு விரலை மட்டும் அசைக்கச் சொல்லுது. அவரு போன வாரம் கோப்பையைப் பிடிச்சாரு. அப்ப நான் பிடிச்சது பொய்யாம்மான்னு கேக்குறாரு, நான் என்ன சொல்றது?"

"நீங்களே அளவு வைக்க முடியாதா?"

"ஒவ்வொரு விரலுக்கும் ஒரு அளவு சார். தெரியாம இழுத்துட்டா இருக்கிறதும் போயிடும். இங்க இவரை மாதிரி நிறையப் பேரு. எப்ப வரும்னு மட்டும் சொல்லுங்க சார்."

பார்த்துவிட்டுச் சொல்வதாகக் கமலநாதன் வைத்துவிட்டார். இதுவரை நவ்சாத்துக்குத் தங்கையின் பெயர் மட்டும்தான் பெரிதாக இருந்தது. இப்போது தெரிந்தது, அவள் பெயர் அந்த விரல்களோடு முடிச்சுப் போட்டுக் கிடக்கிறது. கிடங்கு திரும்பினால்தான் அவள் திரும்புவாள்.

அப்போதுதான் ரூபேந்திரன் நாற்காலியை விட்டு எழுந்தான்.

"சார், கிளவுட் கம்பெனி பதில் போட்டிருக்காங்க. அழிச்சது முழுசா அழியல. குப்பைத்தொட்டியில இருக்காம். சனிக்கெழம ராத்திரி வரைக்கும் இருக்கும், அப்புறம் தொட்டி காலியாயிடும். நம்ம மெஷின் அதுக்கு முன்னாடி திரும்ப எடுத்துக்கலாம்."

அறைக்குள் காற்று வந்த மாதிரி இருந்தது. கமலநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரூபேந்திரன் அந்தக் கிடங்கு திரும்ப இருக்க வேண்டும் என்று ஃபைலில் எழுதினான். கமலநாதன் ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்து ஒப்புதல் போட்டார். போட்டுவிட்டு, விரலைப் பட்டன்மேல் வைத்தபடி நின்றார்.

"வெள்ளிக்கெழம நாங்க எதையும் அனுப்புறதே இல்ல. கெட்டுப்போனா சனி, ஞாயிறு தூக்கம் போயிடும். இந்தத் தொழில்ல எல்லாருக்கும் அந்தப் பயம் உண்டு."

"இன்னைக்கு அனுப்புங்க சார்," என்றான் நவ்சாத். "உங்க தூக்கத்தை நான் பார்த்துக்கிறேன்."

அழுத்தினார். பச்சை வர வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்தது. மறுபடி அழுத்தினார். அதே வரி. இன்று வார விடுமுறை, வேலை தவிர்க்கப்பட்டது என்று இருந்தது.

"மெஷினும் ஜும்ஆவுக்குப் போயிடுச்சா?" என்றான் நவ்சாத்.

இந்தத் தடவையும் யாரும் சிரிக்கவில்லை. ஆனால் பாதி வந்த கொட்டாவியைப் பிரேமளா அப்படியே விழுங்கிவிட்டாள். அதை நவ்சாத் இதுவரை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறான். இரண்டு தடவையும் யாரோ மாட்டினார்கள்.

"கமலநாதன், உங்க ஆபீஸுக்கு எந்த நாள் லீவு?"

"சனி, ஞாயிறு."

"போன வருஷம்?"

கமலநாதன் சுவரில் இருந்த நாள்காட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

ஜோகூரில் இருப்பவர்களுக்கு விளக்கவே வேண்டாம். பல வருடமாக இங்கே வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரே வேலைக்குப் போகும். இந்த வருடம் பிறந்தபோதுதான் அது சனி, ஞாயிறு என்று மாறியது. பள்ளிக்கூடம் மாறியது, அரசாங்க அலுவலகம் மாறியது, கமலநாதனின் அலுவலகமும் அதோடு சேர்ந்து மாறியது.

"அந்தப் பூட்டு எழுதின இடத்தைக் காட்டுங்க," என்றாள் பிரேமளா.

ரூபேந்திரன் ஃபைலின் தலைமாட்டுக்குப் போனான். வாரத்தின் வேலை நாள் ஞாயிறு முதல் வியாழன்வரை என்று இருந்தது. எழுதியவர் கமலநாதன். ஆறு வருடமாக அந்த வரியை யாரும் தொடவில்லை.

"அப்போ ஒவ்வொரு ஞாயித்துக்கெழமயும் இது வேலைக்கு வந்துக்கிட்டுத்தான் இருந்திருக்கு," என்றாள் பிரேமளா. "யாரும் இல்லாத ஆபீஸுக்கு, ஒன்பது மணிக்கு."

ரூபேந்திரன் பழைய பதிவுகளை ஓட்டினான். வருடம் பிறந்ததிலிருந்து ஞாயிறு தவறாமல் ஒரு பச்சைக் குறி.

"இதை யாரும் பார்க்கலையா?"

"பச்சையா இருந்தா யாரு மேடம் பார்ப்பா. வெள்ளிக்கெழம நாங்க எதுவும் எழுதுறது இல்ல, அதனால ஞாயித்துக்கெழம அதுக்குச் செய்ய ஒண்ணும் இருந்திருக்காது. போன வாரம்தான் முதல் தடவையா..."

போன வாரம்தான் முதல் தடவையாக, வெள்ளி சாயங்காலம் ஒரு மாற்றம் ஒப்புதலோடு காத்திருந்தது. ஞாயிறு காலை இயந்திரம் வழக்கம்போல வந்தது, படித்தது, எழுத்தில் இல்லாத கிடங்கைத் தூக்கியது. அந்த நேரத்தில் பக்கத்து அறையில் ருமானா ஃபிரிட்ஜைத் திறந்து பால் பையை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் அமுக்கல," என்றாள் பிரேமளா. "நீங்க சொல்லி வச்ச நாள்ல அது வேலை பார்த்திருக்கு. அவ்வளவுதான்."

நவ்சாத்துக்குக் கண் கலங்கிவிட்டது. மறைப்பதற்காக ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். கமலநாதன் திரையில் புகாரைத் திறந்து, ருமானாவின் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல அத்தியாயம்தான்.

"சரி, அந்த வரியை மாத்தி இன்னைக்கு வேலை நாள்னு எழுதுங்க," என்றான் நவ்சாத். "கிடங்கை எடுத்துடலாம்."

ரூபேந்திரன் எழுதினான். கமலநாதன் ஒப்புதல் போட்டு அழுத்தினார். சாம்பல் வரி வந்தது.

"என்ன லா இது?"

"ஃபைல்ல மாத்தினா போதாது," என்றான் ரூபேந்திரன். "அதை மெஷின் படிச்சு எடுத்துக்கணும். அது படிக்கிறது வேலை நாள்லதான்."

"அலமாக். லீவை ரத்து பண்றதுக்கும் லீவு முடியணுமா?"

ஆமாம் என்பதுபோல ரூபேந்திரன் தலையைக் குனிந்துகொண்டான்.

"கையால எடுங்க," என்றாள் பிரேமளா.

"கையே கிடையாது," என்றார் கமலநாதன். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தன் கைபட்டு ஒரு கிடங்கு கெட்டுச்சு. அன்னைக்கே எல்லார் கையையும் எடுத்தேன். என் கையையும் சேர்த்துத்தான்."

கிளவுட் நிறுவனத்துக்கு எழுதினார்கள். பதில் உடனே வந்தது, மிகவும் மரியாதையாக வந்தது. உரிமையாளர் யார் என்று சரிபார்க்க வேண்டும், சரிபார்க்கும் பிரிவு திங்கள் முதல் வெள்ளிவரை, எங்கள் ஊரில் இன்றைய வேலை முடிந்துவிட்டது, திங்கட்கிழமை தொடர்புகொள்வோம் என்றது. நவ்சாத் அதை இரண்டு தடவை படித்தான். மனிதர்களுக்கு ஒரு விடுமுறை, இயந்திரத்துக்கு வேறொரு விடுமுறை. இரண்டுக்கும் நடுவில் அந்தத் தொட்டி மாட்டிக்கொண்டு கிடந்தது.

கமலநாதன் திடீரென்று நிமிர்ந்தார். "இருக்கு. அவசரக் கதவு ஒண்ணு இருக்கு. மெஷின் நின்னுபோச்சுன்னா ரெண்டு பேர் சேர்ந்து திறக்கிற மாதிரி போன வருஷம் ருமானாவைப் போடச் சொன்னேன். லீவு நாள்லயும் திறக்கும். ஒரு ஆள் நான்."

"இன்னொரு ஆள்?" என்றாள் பிரேமளா.

"ஞாபகம் இல்ல. ரூபேந்திரன், நீயா?"

"நான் இல்ல சார்."

திரையில் அந்தப் பக்கத்தை எடுத்தார்கள். முதல் இடத்தில் கமலநாதன். இரண்டாவது இடம் காலியாக இருந்தது.

பிரேமளா நவ்சாத்தைப் பார்த்தாள். அவன் கைபேசியை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டு மேசைமேல் வைத்தான். பிள்ளை சிணுங்கும் சத்தம் முதலில் வந்தது.

"நானா, சாப்பிட்டியா?" என்றாள் ருமானா. அண்ணனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"சாப்பிட்டேன். சார் பேசுறாரு. நீ ஒண்ணும் செய்யலைன்னு தெரிஞ்சுபோச்சு. மெஷின் இன்னும் பழைய லீவுலயே இருக்கு, வெள்ளி ஓடாது, ஞாயிறு ஓடுது."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. கமலநாதன் கைபேசியை நோக்கிக் குனிந்தார்.

"ருமானா, கிடங்கு இன்னும் குப்பைத்தொட்டியில இருக்கு. அவசரக் கதவுக்கு ரெண்டாவது ஆள் யாரும்மா?"

"நான்தான் சார்."

கமலநாதன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நம்பிக்கையான ஆளா ஒருத்தரைப் போடுன்னீங்க. யாரைப் போடட்டும்னு கேட்டேன். உன் பேரையே போடுன்னு சொன்னீங்க சார்."

புதன் சாயங்காலம், விஷயம் தெரிந்த சூட்டோடு, கமலநாதன் செய்த முதல் வேலை ஃபைலைத் திறந்து ருமானாவின் வரியை நீக்கியதுதான். யாரையும் கேட்கவில்லை. வியாழன் காலை ஒன்பது மணிக்கு இயந்திரம் வந்து படித்து, அவள் பெயர் எங்கெங்கே இருந்ததோ அங்கெல்லாம் எடுத்துவிட்டது. இப்போது அவர் முகத்தைப் பார்க்க நவ்சாத்துக்கே பாவமாக இருந்தது. கோபமும் இருந்தது. எதை வெளியே விடுவது என்று தெரியாமல் நின்றான்.

"இப்பவே உன் பேரைத் திரும்ப எழுதிடறேன்ம்மா."

"எழுதுங்க சார். ஆனா இன்னைக்கு வெள்ளிக்கெழம, அது படிக்காதுன்னு இப்பத்தானே நானாவும் நீங்களும் கண்டுபிடிச்சிருக்கீங்க. ஞாயித்துக்கெழம காலையில என்னை உள்ள விடும்." அவள் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "தொட்டி எப்ப காலியாகுது சார்?"

"நாளைக்கு ராத்திரி."

பிள்ளை வீறிட்டு அழ ஆரம்பித்தது. அவள் அதைத் தட்டிக்கொடுப்பது கேட்டது.

"வேற வழி ஏதாச்சும் இருக்கா ருமானா?" பிரேமளாதான் கேட்டாள்.

"யோசிச்சுக்கிட்டேதான் இருக்கேன் அக்கா. நான்தான் ஒவ்வொரு வழியா அடைச்சேன். பத்திரமா இருக்கணும்னு சொன்னாங்க, அடைச்சேன். ஒண்ணுகூட விடல."

ரூபேந்திரன் கிளவுட் நிறுவனத்துக்கு இன்னொரு தடவை எழுதினான், அதே பதில் அதே மரியாதையோடு வந்தது. பிரேமளா எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டு, மாட்டிய பிறகு போக மனமில்லாமல் திரும்ப உட்கார்ந்தாள். கேஸ் முடிந்துவிட்டது. குற்றவாளி இல்லை, திருட்டு இல்லை, கண்டுபிடித்ததால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை.

"சார்," என்றாள் ருமானா. "மையத்துல அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க. பாலோவில இருந்தெல்லாம் வந்து உட்கார்ந்திருப்பாங்க. முதல் நாள்ல இருந்து ஆரம்பிக்கணும்னு அவங்ககிட்ட சொல்லிடணும்."

கமலநாதன் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ சொல்றியாம்மா? உனக்கு அவங்களைப் பழக்கம்."

நவ்சாத் குனிந்து, தங்கையின் அழைப்பைத் துண்டித்தான். மேசைத் தொலைபேசியை எடுத்துக் கமலநாதன் முன்னால் வைத்தான்.

"நீங்க சொல்லுங்க சார்."

கமலநாதன் எண்களை அழுத்தினார். ஒருதரம் தப்பாகப் போட்டு, வைத்துவிட்டு, மறுபடி போட்டார். முதல் மணி முழுசாக அடிப்பதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். பக்கத்திலேயே காத்திருந்திருக்க வேண்டும்.

"சார்," என்றாள் கஸ்தூரி. "வந்திடுச்சா?"